புளி போட்டு விளக்கிய அண்டாவும் அமில மழையும்

எட்டாம் வகுப்பு அறிவியலில் காற்றைப் பற்றிய பாடத்துக்குள் அமில மழை வருகிறது. பல ஆண்டுகளாக அதை ஒரே பாடவேளையில் முடித்துவிடுவது என் வழக்கம். சல்பர் டைஆக்சைடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகின்றன; மழைநீரின் பி.எச். மதிப்பு 5.6க்குக் கீழே போனால் அது அமில மழை; பயிர் கருகும், மீன் சாகும், பளிங்கு அரிக்கும். கரும்பலகையில் புகைபோக்கி ஒன்று, மேகம் ஒன்று, சாய்கோடுகளாக மழை. ஒரு குறுவினா, ஒரு நெடுவினா. மணி அடித்துவிடும்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் அக்டோபரில் இதே பாடம் நடந்துகொண்டிருந்தபோது வெளியே மழை பிடித்துக்கொண்டது. மூன்றாவது வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி சன்னலைப் பார்த்தபடியே கேட்டாள்: “டீச்சர், இப்ப பெய்யுறது அமில மழையா, நல்ல மழையா?”

எனக்குப் பதில் தெரியவில்லை. நெல் வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் பள்ளி. மேற்கே இரண்டு கிலோமீட்டரில் செங்கல் சூளைகள் வரிசையாக உண்டு. அமிலமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். “அளந்து பார்ப்போமா?” என்றேன். சொல்லிவிட்ட பிறகுதான் உள்ளுக்குள் சுருக்கென்றது. மழையை அளப்பது என்ற இந்த வேலையை நான் முன்பே ஒருமுறை செய்திருக்கிறேன், நேர்மையில்லாமல். அதைப் பிறகு சொல்கிறேன்.

பேனா வடிவ பி.எச். மீட்டர் ஒன்றை என் கைக்காசில் வாங்கினேன். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது. கூடவே 4.01, 6.86 என்று எழுதிய இரண்டு பொடிப் பொட்டலங்களும் வரும். அவற்றைக் காய்ச்சி வடித்த நீரில் கரைத்து, மீட்டர் அந்த எண்களைக் காட்டும்படி முதலில் சரிசெய்துகொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் எடுக்கும் அளவுக்கு மதிப்பே இல்லை. பி.எச். தாள் போதாதா என்று கேட்கலாம். முழு எண்களை மட்டும் காட்டும் தாளில் 5.6க்கும் 6க்கும் வேறுபாடு தெரியாது. மேலும் மழைநீரில் கரைந்திருக்கும் உப்பு மிகக் குறைவு என்பதால், தாளில் உள்ள சாயமே அளவைச் சற்று மாற்றிவிடும்.

அடுத்த மழைக்கு ஆறு குழுக்கள் ஆறு தெருக்களில் நீர் பிடித்து வந்தன. எதில் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வேண்டுமென்றே விட்டேன் என்று இப்போது சொன்னால் அது பொய். எனக்கே அப்போது தோன்றவில்லை.

மொட்டைமாடிக் குழாயில் பிடித்த நீர் 8.1 காட்டியது. மண்பானை 7.6. ஓட்டு வீட்டு இறவாரத்து நீர் 7.2. அலுமினியக் குண்டா 7.0. பிளாஸ்டிக் வாளி 6.7. கடைசியாகப் பித்தளை அண்டாவில் பிடித்த நீரில் மீட்டரை நுழைத்ததும் எண் இறங்கியது, இறங்கிக்கொண்டே போய் 4.9ல் நின்றது. வகுப்பே எழுந்து கைதட்டியது. “எங்க தெரு மழைதான் அமில மழை!” என்று அந்தக் குழு குதித்தது. மற்ற ஐந்து குழுக்களின் முகமும் வாடிப்போயிற்று. அமில மழை கெட்டது என்று பாடம் நடத்தி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அது தங்கள் தெருவில் பெய்யவில்லையே என்று வருத்தம்!

அந்தக் குழுவிலிருந்த சிறுமி ஒருத்தி மட்டும் யோசித்துக்கொண்டிருந்தாள். “டீச்சர், அம்மா நேத்து சாயங்காலம்தான் புளி போட்டு அண்டாவ வெளக்குனாங்க.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று. அதன்பின் மற்ற எண்களும் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மொட்டைமாடித் தளத்தின் சிமெண்டில் சுண்ணாம்பு இருக்கிறது, அது பி.எச். மதிப்பை ஏற்றிவிடும். இறவாரத்து நீர் ஓட்டில் படிந்த தூசியையும் பறவை எச்சத்தையும் கழுவிக்கொண்டு வந்தது. பெய்தது ஒரே மழை. எங்கள் கையில் இருந்ததோ ஆறு எண்கள். இவற்றில் எது மழையின் எண், எது பாத்திரத்தின் எண்?

அன்று வீட்டுக்குப் போய்த் தேடிப் படித்தபோதுதான், எங்கள் வகுப்பறையில் நடந்தது உலக அளவில் நாடுகளுக்கிடையே நடந்திருக்கிறது என்று தெரிந்தது. பாடநூலின் ஒரு பத்திக்குப் பின்னால் இவ்வளவு பெரிய கதை இருப்பது பி.எட். முடித்து இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கிறது.

மழையில் அமிலம் இருப்பதை 1852லேயே மான்செஸ்டர் நகரில் கண்டு எழுதியவர் ராபர்ட் ஆங்கஸ் ஸ்மித் என்ற வேதியியலாளர். அமில மழை என்ற சொல் 1872ல் வந்த அவருடைய நூலின் வழியே வழங்கத் தொடங்கியது. அப்போது அது ஆலை நகரங்களின் உள்ளூர்த் தொல்லை, அவ்வளவுதான். நூறு ஆண்டுகள் கழித்து அது நாடுகளின் வழக்காக மாறியது.

1940களின் இறுதியில் ஸ்வீடனில் ஹான்ஸ் எக்னர் என்ற மண்ணியல் அறிஞர் பல இடங்களில் மழைநீரைச் சேகரித்துப் பகுப்பாய்வு செய்யும் ஒரு வலையமைப்பைத் தொடங்கினார். அவர் அமிலத்தைத் தேடவில்லை. மழையோடு எவ்வளவு ஊட்டச்சத்து வயலுக்கு வந்து சேர்கிறது என்ற உழவுக் கணக்குதான் அவருடைய நோக்கம். 1950களில் அது ஐரோப்பாவின் பிற நாடுகளுக்கும் விரிந்தது. மாதம் தவறாமல் ஒரே முறையில் எழுதிவைக்கப்பட்ட அந்தக் குறிப்பேடுகளை இன்னொரு ஸ்வீடன் அறிஞர் ஸ்வாந்தே ஒதேன் எடுத்துப் புரட்டினார். மழை ஆண்டுக்கு ஆண்டு அமிலமாகிக்கொண்டே வருவதும், அந்தப் பகுதி விரிந்துகொண்டே போவதும் அதில் தெரிந்தன. பிரிட்டனிலிருந்தும் நடு ஐரோப்பாவிலிருந்தும் காற்றில் வரும் சல்பர்தான் காரணம் என்று அவர் 1967ல் ஒரு நாளிதழில் எழுத, பெரும் விவாதம் கிளம்பியது.

நோர்வேயின் தென்பகுதி ஏரிகளில் அதற்கு முன்பே மீன்கள் குறைந்துகொண்டிருந்தன. அமில நீர் மண்ணிலிருந்து அலுமினியத்தைக் கரைத்து ஏரிக்குக் கொண்டு வருகிறது. அது மீனின் செவுளைக் கெடுத்து மூச்சை அடைக்கிறது. அமிலம் நேராக மீனைக் கொல்கிறது என்றுதான் நான் இதுவரை நடத்தி வந்திருக்கிறேன். இடையில் மண் இருப்பதைச் சொன்னால் பாடம் இன்னும் நன்றாகப் புரிகிறது. சுண்ணாம்புப் பாறை உள்ள மண் அமிலத்தைத் தணித்துவிடும். நோர்வேயின் கருங்கல் நிலத்தால் அது முடியவில்லை.

சரி, பிரிட்டனின் புகை நோர்வே வரை எப்படிப் போனது? 1952 டிசம்பரில் லண்டனைப் புகைமூட்டம் சூழ்ந்து ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1956ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. மின்நிலையங்கள் நகருக்கு வெளியே போயின, புகைபோக்கிகள் உயர்ந்தன. உள்ளூரில் காற்று தெளிந்தது. உயரத்தில் விடப்பட்ட சல்பரைக் காற்று கடல் தாண்டி எடுத்துப் போயிற்று. கனடாவின் சட்பரி நகரில் 1972ல் 381 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டினார்கள். அங்கும் உள்ளூர்க் காற்று தேறியது, புகை தொலைவுக்குப் போனது.

இதை வகுப்பில் சொன்னபோது சூளைப் பக்கத்து ஊர்ப் பையன் ஒருவன் சட்டென்று சொன்னான்: “எங்க ஊருலயும் அப்படித்தான் டீச்சர். சூளை எங்க ஊருல இருக்கு. ஆனா மேகாத்து அடிச்சா புகை பூராவும் இவனுங்க ஊருக்குத்தான் வரும்.” எதிர் வரிசையிலிருந்து உடனே பதில் வந்தது: “அப்ப எங்க ஊருல துணி கறுத்துப் போறது உங்களாலதான்!” “அது உங்க ஊரு அரிசி ஆலைப் புகைடா!” ஐந்து நிமிடம் வகுப்பு இரண்டு நாடாகிவிட்டது. நான் தடுக்கவில்லை. பிரிட்டனும் நோர்வேயும் இருபது ஆண்டுகள் பேசிக்கொண்டதும் ஏறக்குறைய இதுதான். எங்கள் புகை அங்கே வந்ததற்கு என்ன சான்று? அது உங்கள் மண்ணின் குணமாக இருக்கக் கூடாதா? நீங்கள் அளந்த முறை சரியா?

கடைசிக் கேள்விக்கு விடை கிடைக்காமல் முதல் கேள்விக்குள் போகவே முடியாது. ஒரு நாடு பித்தளை அண்டாவிலும் இன்னொரு நாடு பிளாஸ்டிக் வாளியிலும் பிடித்தால் பேச்சுக்கு அங்கே என்ன வேலை? அதனால் 1972 முதல் 1977 வரை 11 ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து ஒரே முறையில் அளந்தன. நோர்வே, ஸ்வீடன் நாடுகளில் விழும் சல்பரில் பாதிக்கும் மேல் வெளிநாடுகளிலிருந்து வந்தது என்று தெரிந்தது. குற்றம் சாட்டப்பட்ட பிரிட்டனும் அளந்த 11 நாடுகளில் ஒன்று. அந்த எண்ணுக்கு வலிமை வந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன். 1977ல் ‘எமெப்’ என்ற நிரந்தரக் கண்காணிப்பு அமைப்பு உருவானது. எல்லை தாண்டும் காற்று மாசு பற்றிய உடன்படிக்கை 1979ல் ஜெனீவாவில் கையெழுத்தானது. 1980ல் இருந்த சல்பர் வெளியீட்டில் 30 சதவீதத்தை 1993க்குள் குறைப்பது என்று 1985ல் ஹெல்சிங்கியில் பல நாடுகள் ஒப்புக்கொண்டன. பிரிட்டன் அதில் சேரவில்லை. மறு ஆண்டுதான் சில மின்நிலையங்களில் சல்பரை நீக்கும் கருவி பொருத்த முன்வந்தது. இன்று ஐரோப்பாவின் சல்பர் டைஆக்சைடு வெளியீடு அன்றிருந்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

ஆசியாவிலும் இப்படி ஒன்று உண்டு. ஜப்பான், சீனா, தென்கொரியா, ரஷ்யா, மங்கோலியா, தாய்லாந்து, வியட்நாம், இந்தோனேசியா, மலேசியா உட்பட 13 நாடுகள் சேர்ந்த ‘இயானெட்’ என்னும் கிழக்காசிய அமில வீழ்படிவுக் கண்காணிப்பு வலையமைப்பு அது. 2001 சனவரி முதல் முறையாக இயங்கிவருகிறது. அதன் தொழில்நுட்ப மையம் ஜப்பானின் நீகட்டா நகரில் இருக்கிறது. இவர்களுடைய வேலைமுறையை மாணவர்களிடம் விரிவாகச் சொன்னேன். புளி அண்டாவுக்குப் பிறகு அவர்களுக்கு அது கதைபோல இருந்தது.

மழை சேகரிக்கும் கருவிக்கு ஒரு மூடி இருக்கும். முதல் துளி உணரியில் பட்டதும் மூடி திறக்கும், மழை நின்றதும் மூடிக்கொள்ளும். இடைப்பட்ட நேரத்துத் தூசி உள்ளே விழாது. தொலைவிட நிலையம் என்றால் பெருநகரம், மின்நிலையம் போன்றவற்றிலிருந்து 50 கிலோமீட்டராவது தள்ளியிருக்க வேண்டும். பிடித்த நீரைக் குளிரில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே பி.எச். மட்டும் பார்ப்பதில்லை. சல்பேட், நைட்ரேட், குளோரைடு, அம்மோனியம், சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம் ஆகிய எட்டு அயனிகளையும் மின்கடத்துத்திறனையும் அளக்கிறார்கள். நீரில் நேர் அயனிகளின் மின்சுமையும் எதிர் அயனிகளின் மின்சுமையும் சமமாக இருந்தாக வேண்டும் அல்லவா? கூட்டிப் பார்த்துச் சமமாகவில்லை என்றால் எங்கோ பிழை. மறுபடி அளக்க வேண்டும். கடைக்காரர் இரவில் கல்லாவையும் கணக்கையும் ஒத்துப் பார்ப்பது மாதிரிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொன்று. நீகட்டா மையம் செயற்கை மழைநீரைத் தயாரித்து எல்லா நாட்டு ஆய்வகங்களுக்கும் அனுப்பிவைக்கிறது. அதில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்பது மையத்துக்கு மட்டும் தெரியும். ஆய்வகங்கள் அளந்து விடையனுப்ப வேண்டும். உண்மை மதிப்பிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகிய எண்கள் அறிக்கையில் குறியிட்டு அச்சாகும். ஆண்டுதோறும் ஆய்வகங்களுக்குத் தேர்வு! “அவங்களுக்குமா டீச்சர்?” என்று பிள்ளைகளுக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

இந்த முறையைச் சிறிதாக்கி நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆறு குழுவுக்கும் ஒரே வகை இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டில். மேற்பகுதியை வெட்டிக் கவிழ்த்துப் புனலாகச் செருகி, காய்ச்சி வடித்த நீரால் மூன்று முறை அலசினோம். மரத்தடியும் கூரை ஓரமும் கூடாது. திறந்த வெளியில் இடுப்புயர மேசை அல்லது திண்ணைச் சுவர். மழை தொடங்கும்வரை பாலித்தீன் தாளால் மூடி வைத்திருக்க வேண்டும். நம் வானிலைத் துறை மழையளவைக் கணக்கெடுக்கும் நேரமான காலை 8.30 மணியையே நாங்களும் வைத்துக்கொண்டோம். மூன்று குழுக்களுக்குச் சொல்லாமல் நானும் ஒரு ‘நீகட்டா பாட்டில்’ கொடுத்தேன்; உள்ளே ஒரே நீர்தான். மூவர் சொன்ன எண்ணும் 0.2க்குள் ஒத்துப்போனது. காய்ச்சி வடித்த நீரை ஒரு நாள் திறந்துவைத்து அளந்தும் காட்டினேன். 6க்குக் கீழே இறங்கியதைக் கண்டு பிள்ளைகள் திகைத்தார்கள். காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு கரைந்து கார்பானிக் அமிலமாகிறது. எல்லைக்கோடு 7 ஆக இல்லாமல் 5.6 ஆக இருப்பது ஏன் என்பதை இதைவிட எளிதாக என்னால் விளக்க முடிந்ததில்லை.

அந்தப் பருவத்தில் ஒன்பது மழைகளை அளந்தோம். ஆறு குழுக்களின் எண்களும் பெரும்பாலும் 6.2க்கும் 6.8க்கும் இடையில் கூடி நின்றன. அமில மழை இல்லை.

ஏழாவது மழையன்று ஒரு குழுவின் குறிப்பேட்டில் 5.1 என்று இருந்தது. நீரை வாங்கி நானே அளந்தேன். 6.5. எழுதிய பையன் தலைகுனிந்து நின்றான். “புத்தகத்துல 5.6க்குக் கீழதான டீச்சர் போட்டிருக்கு. நமக்கு வரவே மாட்டேங்குதேன்னு...” என்றான்.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வேறொரு பள்ளியில் இருந்தபோது, அறிவியல் கண்காட்சி ஒன்றுக்கு அமில மழை பற்றிய காட்சிப்பொருள் செய்தோம். எங்கள் ஊர் மழைநீரில் தாள் நிறம் மாறவே இல்லை. நடுவர்கள் வரும் நேரம். அரை எலுமிச்சம்பழத்தைக் குடுவையில் பிழிந்தது நான்தான். தாள் சிவந்தது. இரண்டாம் பரிசு கிடைத்தது. உடன் நின்ற இரண்டு மாணவிகளும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இன்று அவர்களுக்கு இருபத்தைந்து வயதிருக்கும்.

இதை வகுப்பில் அப்படியே சொன்னேன். சொல்லலாமா கூடாதா என்று முந்தைய இரவெல்லாம் யோசித்துவிட்டுத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. 5.1 எழுதிய பையன்தான் கேட்டான்: “பரிசைத் திருப்பிக் குடுத்தீங்களா டீச்சர்?” இல்லை என்றேன். அவன் குறிப்பேட்டை வாங்கி 5.1ஐ ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 6.5 என்று எழுதினான். அழிப்பான் பயன்படுத்த வேண்டாம், அடித்தது தெரியும்படி இருக்கட்டும் என்றேன்.

அமிலம் வராததுதான் உண்மையில் பெரிய பாடமாக அமைந்தது. ஏன் வரவில்லை? நம் நாட்டுக் காற்றில் மண் தூசி அதிகம். அதில் கால்சியம் கார்பனேட் இருக்கிறது. மழையில் சேரும் அமிலத்தை அது தணித்துவிடுகிறது. சுண்ணாம்பில் அமிலம் பட்டால் நுரைப்பதை ஆய்வகத்தில் காட்டுகிறோமே, அதே வினைதான் மேகத்தில் நடக்கிறது. சீனாவிலும் இப்படித்தான். வடசீனாவில் நிலக்கரிப் புகை மிகுந்திருந்த காலத்திலும் பாலைவனத் தூசியால் மழை அவ்வளவு அமிலமாகவில்லை. தூசி குறைந்த தென்சீனாவில்தான் கடும் அமில மழை பெய்தது. ஆக, மழை அமிலமில்லை என்பதால் காற்று சுத்தம் என்று ஆகிவிடாது. சல்பேட்டும் நைட்ரேட்டும் மழையில் இருக்கும், பி.எச். மட்டும் காட்டிக்கொடுக்காது. எட்டு அயனிகளையும் அளப்பது இதற்காகத்தான். எங்கள் பேனா மீட்டருக்கு அந்த அளவு திறமை இல்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டேன்.

இந்திய வானிலைத் துறையும் மழையின் வேதியியலை 1970கள் முதல் சில நிலையங்களில் அளந்துவருகிறது. நாகபுரி, ஜோத்பூர், விசாகப்பட்டினம், போர்ட் பிளேர், மினிக்காய் என்று போகும் அந்தப் பட்டியலில் நம் கொடைக்கானலும் இருக்கிறது. கொடைக்கானலுக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள் ஏரியோடும் தூண் பாறையோடும் நிறுத்திவிடாமல் இதையும் ஒரு வார்த்தை சொல்லலாம். தெற்காசிய அளவில், 1998ல் மாலைத்தீவின் தலைநகர் மாலேயில் ஏற்கப்பட்ட பிரகடனத்தின்படி இந்தியா, இலங்கை, வங்கதேசம், பாகிஸ்தான், நேபாளம், பூடான், மாலைத்தீவு, ஈரான் ஆகிய எட்டு நாடுகள் எல்லை தாண்டும் காற்று மாசைக் கண்காணிக்க ஒப்புக்கொண்டன. ஆலைகளே இல்லாத மாலைத்தீவுக்கு இதில் என்ன கவலை? 1999ல் இந்தியப் பெருங்கடலில் நடந்த ‘இன்டோயெக்ஸ்’ ஆய்வு விடை சொன்னது. குளிர்காலத்தில் வடகிழக்குக் காற்று நம் துணைக்கண்டத்தின் புகையைக் கடலுக்கு மேலே வெகுதொலைவு கொண்டுபோவதை அது அளந்து காட்டியது. சூளைப் பக்கத்து ஊர்ப் பையன் இதைக் கேட்டுவிட்டு, “அப்ப மாலைத்தீவுக்கு நாமதான் சூளையா டீச்சர்?” என்றான்.

செய்து பார்க்க விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு சில குறிப்புகள். மொத்தச் செலவு மீட்டரோடு சேர்த்து ஆயிரத்து இருநூறைத் தாண்டாது. மழைநீரில் மீட்டர் மெதுவாகத்தான் நிலைக்கும். இரண்டு நிமிடம் பொறுத்து எண்ணை எழுதச் சொல்லுங்கள். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் மழையைத் தனியே குறியுங்கள், அதில் தூசி மிகுந்திருக்கும். காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது, சூளை எரிந்ததா, அன்று தீபாவளியா என்பதையும் எழுதச் சொல்லுங்கள்; எக்னரின் குறிப்பேடு மாதிரி அது என்றைக்கு யாருக்கு உதவும் என்று நமக்குத் தெரியாது. வானவில் மன்றச் செயல்பாட்டு நேரத்தில் இதை எளிதாகச் செய்யலாம்.

இந்த ஆண்டு எட்டாம் வகுப்பு மூன்றாவது குறிப்பேட்டைத் தொடங்கியிருக்கிறது. பக்கத்து ஒன்றியப் பள்ளி ஒன்றும் சேர்ந்திருப்பதால், ஒரே நீரை இரு பள்ளிகளுக்கும் அனுப்பிச் சரிபார்க்கும் வேலை எனக்குக் கூடியிருக்கிறது. நேற்றுக் குறிப்பேட்டைத் திருத்தும்போது நான்காம் குழுவின் கடைசி வரி இப்படி இருந்தது: “இரவு நல்ல மழை. பாட்டிலைக் காக்கா தட்டிவிட்டது. பாதி நீர்தான் இருந்தது, அதில் இறகு கிடந்தது. மீட்டர் 7.3 காட்டியது. கணக்கில் சேர்க்க வேண்டாம்.”